இருபத்தாறாவது ஆள்

சர்வர் அறைக் கதவைத் திறந்ததும் விற்பனைப் பிரதிநிதி முதலில் கண்ணை மூடிக்கொண்டு குளிர்காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டார். எங்கள் நிறுவனத்துக்கு வருகிற எல்லோரும் செய்வதுதான். ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைக்கிற இடம் எங்களுடையது. ஒன்பது ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் ஆபரேஷன் தியேட்டரின் பச்சை அங்கிகளும் தினமும் அழுக்காக வந்து, வெந்நீரில் வெந்து, சூடான உருளைகளுக்கு நடுவே நசுங்கி, மடிந்து, மறுநாள் காலை லாரி ஏறிப் போகும். கூடம் முழுக்க ஆவி. நாற்பது பேர் வேர்த்து விறுவிறுத்து நிற்கிற அந்தக் கட்டடத்தில் ஏசி வைத்த அறை ஒன்றே ஒன்றுதான். அதில் மனிதர் யாரும் கிடையாது. இடுப்பளவு உயரத்தில் ஒரு கறுப்புப் பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருக்கும். அதற்கு மாப்பிள்ளை என்று பெயர். தனி அறை, தனி ஏசி, பக்கத்தில் யாரும் தண்ணீர் கொண்டுபோகக் கூடாது, கரண்ட் போனால் முதலில் அவரைத்தான் கவனிக்க வேண்டும். என்ன வேலை செய்கிறார் என்று கேட்டால் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. யார் வைத்த பெயரோ, பொருத்தமாகத்தான் இருந்தது.

அந்த மாப்பிள்ளையைக் கட்டி மேய்க்கிறவன் நான். சேர்ந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது.

மாப்பிள்ளைக்குள் ஓடிய ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு வயதாகிவிட்டது. இன்னும் இரண்டு மாதத்தில் அதைச் செய்தவர்கள் கைகழுவி விடுவார்கள். அதற்குப் பிறகு ஓட்டை விழுந்தால் அடைக்க ஆள் கிடையாது. புதியது வாங்க வேண்டும் என்று முதலாளியம்மாவிடம் சொன்னேன். வாங்கலாம் என்றார். அதில் மூன்று எடிஷன் இருக்கிறது, எது வேண்டும் என்று கேட்டேன். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

முதலாளியம்மாவை எல்லோரும் சின்ன மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் குள்ளம். நானும் அதனால்தான் அப்படி என்று பதினோரு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். சின்ன மேடம் என்று ஒருவர் இருந்தால் பெரிய மேடம் ஒருவர் எங்காவது இருக்க வேண்டும் என்கிற சாதாரண அறிவு எனக்கு வேலை செய்யவில்லை.

விற்பனைப் பிரதிநிதி பெரிய எடிஷனைத்தான் தலையில் கட்டப் பார்த்தார். "இதுல ஒரே மெஷினுக்குள்ள எத்தனை சர்வர் வேணும்னாலும் ஓட்டலாம் மேடம். லிமிட்டே கிடையாது. நாளைக்கு நீங்க வளர்ந்தீங்கன்னா?"

"அதாவது ஒரு மாப்பிள்ளைக்குள்ள பத்து மாப்பிள்ளை" என்றார் சின்ன மேடம்.

"கரெக்டா புடிச்சிட்டீங்க மேடம்!"

"இருக்கற ஒருத்தனுக்கே என்னால ஏசி போட்டு மாளல. சின்னது என்ன சொல்லுது?"

சின்னதில் இருபத்தைந்து பேர்தான் உள்ளே வர முடியும், அதற்கு மேல் ஒரு ஆள்கூடக் கூடாது. நடுத்தரத்தில் எத்தனை பேர் வேண்டுமானாலும் வரலாம், ஆனால் உள்ளே வருகிற ஒவ்வொருவருக்கும் தனியாக அனுமதி வாங்கி, பெயர் எழுதிப் பட்டியல் வைத்துக்கொள்ள வேண்டும். இதைச் சொன்னபோது சின்ன மேடம் என் பக்கம் திரும்பினார். "நம்மகிட்ட எத்தனை பேர் கம்ப்யூட்டரைத் தொடறாங்க? எண்ணிட்டு வாங்க. இருபத்தஞ்சுக்குள்ள அடங்கினா சின்னது. வெள்ளிக்கிழமை நான் கையெழுத்துப் போடறேன்."

எண்ணுவது பெரிய வேலையா என்று கிளம்பினேன். பெரிய வேலைதான். எனக்கு முன்னால் இருந்த கம்ப்யூட்டர்காரர் யாருக்கும் சொந்தப் பெயரில் கணக்குத் திறக்கவில்லை. அவரவர் செய்கிற வேலையின் பெயரையே யூசர் பெயராக வைத்துவிட்டுப் போயிருந்தார். ஆகவே நான் கையில் பேப்பரோடு ஆவிக்குள் புகுந்து, "தராசு யாருங்க? நீங்களா தராசு?" என்று கேட்டுக்கொண்டு திரிந்தேன். துணி எடை போடுகிறவர் நிமிர்ந்து, "என்னைப் பார்த்தா தராசு மாதிரியா இருக்கு?" என்றார். மடிப்பு மூன்று என்பது கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்த ஒரு பெண். அவளுக்கு மடிப்பு இரண்டோடு பேச்சுவார்த்தை இல்லை. பட்டியலில் தன் பெயர் அவருக்குக் கீழே வரக்கூடாது என்றாள். 'கறை' என்ற யூசர் யாரென்று கேட்டபோது கூடமே சிரித்தது. ரத்தக்கறை எடுக்கிற பிரிவின் மேற்பார்வையாளர், அறுபது வயது, மிகக் கண்ணியமானவர். நான் கேட்ட இடத்தில் எனக்குப் பின்னாலேயே நின்றிருந்தார்.

இரண்டு நாள் சுற்றி எண்ணி முடித்தபோது என்னையும் சேர்த்துச் சரியாக இருபத்தைந்து. எனக்கே ஆச்சரியம். அளவெடுத்துத் தைத்தது மாதிரி சின்ன எடிஷனுக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. 'வரிசை' என்று இன்னொரு யூசர் இருந்தது. அதை நான் எண்ணவில்லை. அது ஆள் இல்லை, ப்ரோகிராம்.

வரிசை என்றால் லாரி போகிற வரிசை. எந்த ஆஸ்பத்திரிக்கு முதலில் போவது, எதற்குக் கடைசியில் போவது என்பதை மாப்பிள்ளைதான் தினமும் காலை ஐந்து மணிக்குக் கணக்குப் போட்டுத் தருவார். ஆறு மணிக்கு லாரிக்காரர் அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஏற்றுவார். இந்த வரிசை விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாலு மாதத்துக்கு முன்னால் ஒருமுறை வரிசை தாறுமாறாகப் போய்விட்டது. கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து அங்கி போய்ச் சேர்ந்தது. பெரிய டாக்டர் போனில் கத்த, சின்ன மேடம் என்னைத் திட்ட, நான் மாப்பிள்ளையைத் திறந்து தலைகீழாக நின்று பார்த்தேன். ஒன்பது நாள் ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் அதன் ஃபேனில் அப்பியிருந்த பஞ்சுத் தூசியை பிரஷ் வைத்துத் துடைத்தேன். பத்தாம் நாள் வரிசை சரியாகிவிட்டது! சின்ன மேடம் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். 'மாதம் ஒருமுறை ஃபேன் துடைக்கவும், வரிசை கெடும்' என்று பெரிய எழுத்தில் எழுதி அறைச் சுவரில் ஒட்டினேன். லாரிக்காரர் அதை வாசித்துவிட்டு மிகவும் மரியாதையாகத் தலையாட்டினார்.

வியாழக்கிழமை, புதிய சிஸ்டத்துக்கு மாற்றும்போது இந்த ப்ரோகிராம் எத்தனை மணிக்கு ஓட வேண்டும் என்று குறித்துக்கொள்வதற்காக வரிசையின் பதிவேட்டைத் திறந்தேன். ஐந்து மணிக்கு மாப்பிள்ளை கணக்குப் போட்டு முடிக்கிறார். அது சரி. அதற்குப் பிறகு ஐந்து நாற்பதுக்கு 'வரிசை' உள்ளே வருகிறது. ஒரு நாள் ஐந்து நாற்பத்து மூன்று. ஒரு நாள் ஐந்து ஐம்பத்திரண்டு. வந்து, நாலைந்து வரிகளை மேலும் கீழும் நகர்த்திவிட்டுப் போகிறது. எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் எங்கள் கட்டடத்திலிருந்தே இல்லை, வெளியிலிருந்து, ஏதோ ஒரு வீட்டு இணைப்பிலிருந்து. நாலு மாதத்துக்கு முன்னால் ஒன்பது நாள் வரவே இல்லை.

சாயங்காலம் வீட்டில் மனைவியிடம் இதைச் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "ஒன்பது நாள் வேலைக்கு வரலைன்னா அது ஆளுங்க. ஒடம்பு சரியில்லாம போயிருக்கும்" என்றாள். பிறகு கத்தியை வைத்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "அப்ப நீங்க ஃபேன் தொடச்சது?"

 அவள் சிரித்து முடிப்பதற்கு வெகுநேரம் ஆனது.

வெள்ளிக்கிழமை காலை லாரிக்காரரைத் தனியாக ஓரம்கட்டினேன். "அண்ணே, வரிசைங்கறது யாரு?"

அவர் திருட்டு முழி முழித்தார். "மாப்பிள்ளைதான் சார்."

"மாப்பிள்ளைக்கு ஜுரம் வருமாண்ணே?"

லாரிக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். "சின்ன மேடத்துக்கு மட்டும் தெரிய வேணாம் சார். அது பெரிய மேடம். அந்த ஒன்பது நாளும் ஜுரத்துல வீட்ல தனியா படுத்திருந்தாங்க."

இந்த இடத்தை இரண்டு பேர் சேர்ந்து ஆரம்பித்திருக்கிறார்கள். அக்காவும் தங்கையும். வரிசை போடுவது பெரிய மேடத்தின் வேலை. எல்லாம் மண்டைக்குள்ளேயே இருந்ததாம். தங்கை சர்வரும் ப்ரோகிராமும் வாங்கினார். அக்கா, என் மண்டையில் இருப்பது பெட்டிக்குள் வராது என்றார். வராவிட்டால் பரவாயில்லை, நீ இல்லாமலே ஓட்டிக் காட்டுகிறேன் என்று தங்கை சொல்லிவிட்டார். சொல்லியிருக்கக் கூடாது. அக்கா அன்றே வீட்டுக்குப் போனவர்தான். மூன்று வருடமாகப் பேச்சில்லை. முதல் வாரமே வரிசை சந்தி சிரித்தது. லாரிக்காரர் அக்கா வீட்டு வாசலில் போய் நிற்க, பழைய கம்ப்யூட்டர்காரர் ஒரு கணக்குத் திறந்து கொடுக்க, அன்றிலிருந்து பெரிய மேடம் வீட்டிலிருந்தே சரிசெய்து கொண்டிருக்கிறார். மூன்று வருடமாகக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்கள் இரண்டே பேர், சின்ன மேடமும் நானும்.

கையெழுத்து மூன்று மணிக்கு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் லாரிக்காரரோடு பெரிய மேடத்தின் வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவர் என் தோளுயரம்தான் இருந்தார். தங்கையைவிட அரை அங்குலம் குள்ளமாகவே இருக்கலாம். சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில் இரண்டு பொத்தான் உதிர்ந்த பழைய லேப்டாப். பக்கத்தில் ஒரு டைரி, எந்த ஆஸ்பத்திரியில் எந்தக் கிழமை எந்த ஆபரேஷன், எந்த நர்ஸுக்கு எந்த போன் நம்பர் என்று பக்கம் பக்கமாக. 

"மாப்பிள்ளை எப்படி இருக்கான்?" என்றுதான் முதலில் கேட்டார். அந்தப் பெயரை வைத்ததே அவர்தானாம். பெட்டி வந்து இறங்கிய அன்றைக்கே ஏசி அறை கேட்டதால்.

விஷயத்தைச் சொன்னேன். சின்ன எடிஷனுக்கு இருபத்தைந்துதான் வரம்பு, இருபத்தைந்து பேர் ஏற்கெனவே இருக்கிறோம், இன்று அது கையெழுத்தானால் வரிசை என்கிற கணக்கை நான் எடுத்துவிட வேண்டும். நடுத்தரம் என்றால் இவரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆள் யாரென்று பட்டியலில் எழுத வேண்டும், பட்டியல் தங்கையின் மேசைக்குப் போகும்.

பெரிய மேடம் டைரியை மூடினார். "அப்ப எடுத்துடுங்க."

"மேடம், வரிசை?"

"நான் போட்ட மாதிரி கொஞ்சநாள் நீங்க போடுங்க. டைரியை எடுத்துட்டுப் போங்க." பிறகு மேசைத் துணியின் விளிம்பை நீவிக்கொண்டே சொன்னார். "பெட்டி மேல தப்பில்ல தம்பி. அதுக்கு தூரம் தெரியும். பிரசவம் எப்ப வரும்னு அதுக்கு எப்படித் தெரியும்? நான் சண்டை போட்டது என் தங்கச்சிகூட. ஆஸ்பத்திரிகூட இல்லியே. அதனால செஞ்சேன். அவ ஜெயிச்சதா நெனச்சிட்டிருக்கா. அப்படியே இருக்கட்டும்."

டைரியை என் பக்கம் தள்ளினார். ஆனால் அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை. அந்தக் காலை இருபது நிமிடத்துக்காகத்தான் அவர் தினமும் எழுந்திருக்கிறார் என்பது எனக்கு அப்போது புரிந்தது.  டைரியை எடுத்துக்கொள்ளாமலே எழுந்து வந்துவிட்டேன்.

திரும்பி வருகிற வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.  சின்ன எடிஷன் என்று சொல்லிவிட்டால் எனக்கு ஒரு வம்பும் இல்லை. ஃபேன் துடைத்த பெருமையும் எனக்கே இருக்கும். உண்மையைச் சொன்னால் மூன்று வருடமாக ஜெயித்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம் நீங்கள் ஜெயிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். அவர் எனக்குச் சம்பளம் கொடுக்கிறவர் வேறு.  இருந்தாலும் கணினி முன் உட்கார்ந்து நடுத்தர எடிஷனுக்கான பட்டியலைத் தட்டினேன். இருபத்தைந்து பெயர்கள். இருபத்தாறாவது வரியில் 'வரிசை' என்று மட்டும் போட்டேன். ஆள் பெயர் எழுதக் கை வரவில்லை.

சின்ன மேடம் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பட்டியலை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டே வந்தார். மடிப்பு மூன்றைத் தாண்டும்போது, "கல்யாணத்துக்கு அப்புறம் இவ இருப்பாளா?" என்று கேட்டார். கறையைப் பார்த்துச் சிரித்தார். விரல் கடைசி வரியில் வந்து நின்றது.

"இது ப்ரோகிராம்தானே? இதை எதுக்கு எண்ணினீங்க? இதை எடுத்துட்டா இருபத்தஞ்சு. சின்னதே போதும்."

 "ப்ரோகிராம் இல்ல மேடம். ஆள்."

"யாரு?"

 பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்திருந்த வரிசையின் பதிவேட்டை அவர் முன்னால் வைத்தேன். ஐந்து நாற்பது. ஐந்து நாற்பத்து மூன்று. ஐந்து ஐம்பத்திரண்டு. எந்த வரி மேலே போனது, எது கீழே வந்தது. சின்ன மேடம் முதல் பக்கத்தை வாசித்தார். இரண்டாவது பக்கத்தின் பாதியிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமைகளில் எலும்பு ஆஸ்பத்திரியை எல்லாவற்றுக்கும் முன்னால் தூக்கி வைக்கிற ஆள் இந்த உலகத்தில் ஒருவர்தான் போலிருக்கிறது. முகம் சிவந்தது. வெடிக்கப் போகிறார் என்று நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அவர் பக்கங்களைத் திருப்பிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் நின்றார்.

"இங்க ஒன்பது நாள் ஒண்ணுமே இல்லியே?"

"ஆமா மேடம். ஜுரமாம். அப்பதான் கண் ஆஸ்பத்திரி டாக்டர் போன் பண்ணினாரு. நான் ஃபேன்..." அதற்கு மேல் சொல்லவில்லை.

"ஒன்பது நாளா?" என்றார். "ஜுரம்னா அவளுக்கு ரெண்டு நாள்ல போயிடும். ஒன்பது நாள் எந்திரிக்க முடியாம படுத்திருந்தாளா? வீட்ல தனியா?"

நான் தலையாட்டினேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அந்த ஒன்பது நாளும் தான் யார் யாரைத் திட்டினோம் என்று நினைத்துப் பார்த்தாரோ என்னவோ. "எனக்கு யாருமே சொல்லலியே" என்றார். மூன்று வருடம் ஏமாந்ததைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

பேனாவை எடுத்தார். நடுத்தர எடிஷன் என்றிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணலாக விழுந்தது. "காலைல எத்தனை மணிக்கு உள்ள வர்றா?" என்று பதிவேட்டைப் பார்க்காமலே கேட்டார். "அஞ்சு நாப்பதா?"

மறுநாள் ஐந்தரைக்கே லாரி ஏற்றும் மேடையில் இருந்த திரைக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார் சின்ன மேடம். நான் பக்கத்தில் நின்றேன். லாரிக்காரர் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். மடிப்புப் பிரிவில் ஒரு கைகூட ஓடவில்லை. எல்லோரும் தள்ளுவண்டிகளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையில் ஒன்பது ஆஸ்பத்திரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக மாப்பிள்ளை போட்ட வரிசையில் இருந்தன. அதில் ஒருவர் நகர்த்தினால் எல்லோர் திரையிலும் நகரும்.

ஐந்து நாற்பத்தொன்றுக்கு ஆறாவது வரியிலிருந்த பிரசவ ஆஸ்பத்திரி தானாக மேலே ஏறி இரண்டாவது வரியில் உட்கார்ந்தது.

சின்ன மேடம் மூச்சை இழுத்துப் பிடித்தார். பிறகு முகம் மாறியது. "பிரசவம் எதுக்கு ரெண்டாவது? நேத்துதான் ரெண்டு தள்ளுவண்டி துணி கூடுதலா அனுப்பினோம்" என்று மௌஸைப் பிடித்து அதை மறுபடி ஆறாவதற்கே இழுத்துவிட்டார்.

அந்தப் பக்கம் திகைத்திருக்க வேண்டும். பத்து நொடி ஒன்றும் இல்லை. பிறகு பிரசவ ஆஸ்பத்திரி விறுவிறுவென்று இரண்டாவதற்கு ஏறியது. சின்ன மேடம் நாலாவதற்கு இறக்கினார். ஏறியது. இறக்கினார். ஏறியது. "சின்ன வயசுலேர்ந்து இதே பிடிவாதம்" என்று பல்லைக் கடித்தார். பின்னால் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் எதிரே குறிப்பு எழுத ஒரு கட்டம் உண்டு. சின்ன மேடம் மௌஸை விட்டுவிட்டுப் பிரசவ ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒற்றை விரலால் தட்டினார். 'ஜுரம் போச்சா?'

லாரியின் எஞ்சின் ஓசை மட்டும் கேட்டது. அந்தக் கேள்விக்குப் பக்கத்திலேயே எழுத்துகள் ஒவ்வொன்றாக முளைத்தன. 'போச்சு. நாலு மாசம் ஆச்சு. வரிசையில கை வைக்காதே.'

சின்ன மேடம் சிரித்தார். சிரித்துக்கொண்டே புறங்கையால் கண்ணைத் துடைத்தார். பிரசவ ஆஸ்பத்திரியைத் தொடவில்லை.

மணி ஆறாகிவிட்டது. லாரிக்காரர் தயங்கித் தயங்கி வந்து பிரிண்ட் எடுத்தார். தாளைப் பார்த்து விழித்தார். "சின்ன மேடம், ஜுரமும் சேர்ந்து பிரிண்ட் ஆயிடுச்சே. இதுல ஆஸ்பத்திரில கையெழுத்து வாங்கணுமே."

"வாங்கிட்டு வாங்க" என்றார் அவர், திரும்பாமலே.

லாரி கிளம்பிப் போனது. மடிப்புப் பிரிவில் மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. நான் மாப்பிள்ளையின் அறைக்குப் போய்ச் சுவரில் நான் ஒட்டிய அறிவிப்பைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தேன். சின்ன மேடம் இன்னும் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. வழக்கமாக இந்த நேரத்துக்குப் பெரிய மேடம் வரிசையை விட்டு வெளியே போயிருப்பார். திரையில் ஒன்பது ஆஸ்பத்திரிகளுக்கும் கீழே, பத்தாவதாக, பெயரில்லாத ஒரு வெற்று வரி திறந்திருந்தது. அதன் குறிப்புக் கட்டத்தில், அந்தப் பக்கத்திலிருந்து, கர்சர் விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.